எஞ்சின் கொதிக்காமல் காப்போம்

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான வாழ்வாதாரம் என்றதும் தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஆடு, வீட்டுத்தோட்டம் என்பவையே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னர் வந்த ஆண்டுகளில், வாகனத்தை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களும் நம்மிடையே உருவாகியுள்ளார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன், மரக்கறி ஏற்றும் சிறிய லொறி, கணவர் விட்டுச்சென்ற பழைய கார் என்று அது ஏதாவதாக இருக்கலாம். 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து வன்னிக்குச் சென்று, பின்னர் இடம்பெயர்ந்து மீண்டும் ஊவா மலைகளுக்கே திரும்பி வந்த குடும்பங்களிலும் இவ்வாறான பெண்கள் இருக்கிறார்கள்.

வாகனம் ஒரு பெண்ணின் பெயரில் பதிவாகியிருந்தாலும் அதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் அவளிடம் இருப்பதில்லை. "அதெல்லாம் ஆம்பிளைங்க வேலை" என்று சொல்லிச் சொல்லியே அந்த அறிவிலிருந்து நாம் விலக்கி வைக்கப்பட்டிருக்கிறோம். இதன் விலையை நாமே கொடுக்கிறோம். கராஜில் சொல்லும் தொகையைக் கேள்வி கேட்க முடிவதில்லை. எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்பதும் தெரிவதில்லை. பல சகோதரிகள் வாகனத்தைக் கூடப்பிறந்தவரிடமோ மைத்துனரிடமோ ஒப்படைத்துவிட்டு, அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். எஞ்சின் பழுதாகி வண்டி நின்றாலும் லீசிங் தவணை நிற்பதில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பைக் கழுவி, புதிய கூலண்ட் நிரப்பும் வேலையை இக்கட்டுரையில் பார்ப்போம். இதற்குப் பெரிய பலமோ விலை கூடிய கருவிகளோ தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும். இதைச் செய்யாமல் விடுவதால் வரும் நட்டமோ ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடக் கூடியது.

மலைப்பாதையும் கொதிநிலையும்

எரிபொருள் எரியும்போது கிடைக்கும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உடலில் ஏறிவிடுகிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் குளிர்விக்கும் அமைப்பின் வேலை. எஞ்சினுக்குள் இருக்கும் நீர்ப்பாதைகளில் பம்ப் ஒன்று திரவத்தைச் சுற்றவிடுகிறது. திரவம் 80 முதல் 90 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானதும் தெர்மோஸ்டாட் என்னும் சிறிய கதவு திறக்கிறது. சூடான திரவம் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குச் சென்று, காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், உயரம் செல்லச் செல்லக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று கணக்கிடலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே தண்ணீர் கொதிக்கிறது. சுமையோடு ஏற்றம் ஏறும் எஞ்சினுக்கு இது ஆபத்தான எல்லை. இதனாலேயே ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்கும் மூடி போடப்பட்டுள்ளது. பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் 20 பாகைக்கு மேல் உயர்கிறது. மூடியின் மீது 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது இந்த அழுத்தத்தைத்தான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. திறந்த கணத்தில் அழுத்தம் இறங்க, உள்ளே இருக்கும் திரவம் ஒரேயடியாகக் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். அந்தத் தீக்காயம் வாழ்நாள் முழுவதும் தழும்பாக நிற்கும்.

தண்ணீர் மட்டும் போதாதா?

"எங்கள் அப்பா காலத்தில் தண்ணீர்தானே ஊற்றினார்கள்?" என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். யாழ்ப்பாணத்தில் இன்றும் காணக்கூடிய மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ-40 போன்ற கார்கள் வெறும் தண்ணீரில் ஓடின. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியபோதும் அவை தாக்குப்பிடித்தன. அவற்றின் எஞ்சின் கனமான வார்ப்பிரும்பால் ஆனது. இன்றைய வாகனங்களில் எஞ்சினின் மேற்பாகமும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், இரும்பைத் துருவேற்றும்.

வடக்கிலுள்ள சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறி வருவது. தேநீர்க் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அப்படியே ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். மலைநாட்டு ஓடை நீரில் இந்தச் சுண்ணாம்பு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் மண் கலந்து வரும்.

கூலண்ட் என்பது எதிலீன் கிளைக்கோல் என்ற திரவத்துடன் துருவைத் தடுக்கும் மருந்துகள் சேர்ந்தது. குளிர் நாடுகளில் நீர் உறையாமல் இருக்க இதை ஊற்றுகிறார்கள். நமக்குத் தேவைப்படுவது அதன் மற்ற இரு குணங்கள்: துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும். துருவைத் தடுக்கும் மருந்துகள் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால், கூலண்டின் நிறம் நன்றாக இருந்தாலும் குறித்த காலத்தில் அதை மாற்றத்தான் வேண்டும். பழைய வகைக்குப் பொதுவாக 2 ஆண்டுகள், நீண்டகால வகைக்கு 5 ஆண்டுகள் வரை என்பார்கள். உங்கள் வாகனத்தின் கைநூலில் உள்ளதே சரியான கணக்கு.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பி வாங்காதீர்கள். அது நிறுவனங்கள் சேர்க்கும் சாயம் மட்டுமே. ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. வகை மாறிக் கலந்தால் அவற்றின் பாதுகாப்பு குறையும், சில சமயம் களியாகத் திரண்டும் விடும்.

யார் செய்யலாம்?

சிறிய கார்கள், வேன்கள், டிமோ பட்டா போன்ற சிறிய லொறிகள் ஆகியவற்றில் இந்த வேலையை வீட்டில் செய்யலாம். வீதியில் நாம் காணும் முச்சக்கரவண்டிகளில் பெரும்பாலானவை காற்றாலேயே குளிர்பவை. ரேடியேட்டர் இல்லையென்றால் இந்த வேலையும் இல்லை. ஹைபிரிட் வாகனங்களில் மின்பகுதிக்கென்று தனிக் குளிர்விப்பு இருப்பதால் அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

தேவையானவை: ஒரு பேசின், அளவு தெரிந்த வெற்றுக் கலன், புனல், குறடு, பழைய துணி, ரப்பர் கையுறை, கைநூலில் சொன்ன வகைக் கூலண்ட், பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர். சிறிய கார் ஒன்றில் ஏறத்தாழ 4 லீற்றர் கொள்ளும். வேன்களில் அதைப்போல இருமடங்கு வரை இருக்கலாம்.

சேலைத் தலைப்பு, தாவணி, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் மின்விசிறியிலும் பெல்டிலும் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கூந்தலை முடிந்து, இறுக்கமான உடை அணிந்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகளையும் நாயையும் அருகில் விடாதீர்கள்.

பழையதை இறக்குதல்

காலை நேரம் இதற்கு உகந்தது. இரவு முழுவதும் நின்ற எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். மின்சார விசிறி சில வண்டிகளில் தானாகவே சுழலத் தொடங்கும். ஜெக்கில் மட்டும் தூக்கிய வண்டியின் கீழே எக்காரணம் கொண்டும் புகவேண்டாம்.

மூடியின் மேல் துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். ரேடியேட்டர் மூடியே இல்லாத வண்டிகளில் பக்கத்துக் கலனின் மூடியைத் திறக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். பின்னர் ரேடியேட்டரின் அடியில் உள்ள சிறு திருகைக் கையால் திறந்து, பேசினில் வடிய விடுங்கள். பழைய வண்டிகளில் இந்தத் திருகு பிளாஸ்டிக்கால் ஆனதாகவும் உக்கிப்போயும் இருக்கும், பலவந்தம் வேண்டாம். திருகு இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பைக் குறடால் தளர்த்தி, ஹோஸை இடமும் வலமும் திருகி மெதுவாகக் கழற்றுங்கள். பக்கத்துக் கலனில் அடியில் தேங்கிய மண்ணையும் கழுவிவிடுங்கள்.

வடிந்ததை அளந்து எழுதி வையுங்கள். அதன் தோற்றத்தையும் பாருங்கள். நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. கபில நிறமென்றால் துரு. பால் தேநீர் போலக் கலங்கி எண்ணெய் மிதந்தால், ஹெட் கேஸ்கட் வழியாகவோ வேறு இடத்தாலோ எண்ணெய் கலந்திருக்கிறது. அந்த நிலையில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் செல்ல வேண்டும். அப்போதும் உங்கள் கையில் ஒரு தகவல் இருக்கிறது. "வண்டி சரியில்லை" என்று சொல்வதற்கும் "கூலண்டில் எண்ணெய் கலந்திருக்கிறது" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைச் சொல்லும் பெண்ணிடம் தேவையில்லாத வேலைக்குப் பணம் கேட்கத் தயங்குவார்கள்.

கழுவுதல்

திருகை மூடி, சுத்தமான நீரை நிரப்பி, மூடியைப் போட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். கீழ் ஹோஸும் சூடாகும் வரை ஓடட்டும். தெர்மோஸ்டாட் திறந்து நீர் முழுவதும் சுற்றிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது வழமையான இடத்தைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அதன்பின் எஞ்சின் முற்றாக ஆறும் வரை காத்திருந்து, நீரை இறக்குங்கள். அவசரப்பட்டுச் சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடித்துவிடும். அந்த நேரத்தில் சமையலையோ துணி துவைப்பதையோ பார்த்துக்கொள்ளலாம். தெளிந்த நீர் வரும் வரை இரண்டு அல்லது மூன்று தடவை இப்படிச் செய்து, கடைசித் தடவை மட்டும் வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். கோஸ்டிக் சோடா போன்றவற்றைப் போடவே கூடாது. அவை அலுமினியத்தைத் தின்றுவிடும்.

புதியதை நிரப்புதல்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். திருகைத் திறந்தாலும் நீர் முழுவதும் வெளியே வருவதில்லை. ஒரு பகுதி எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஊற்றினால், அது மேலும் நீர்த்துப்போகும்.

இதற்கு எளிய வழி உண்டு. நீர் கலக்காத செறிவான கூலண்டை வாங்குங்கள். கைநூலில் மொத்தக் கொள்ளளவு 6 லீற்றர் என்று இருந்தால், முதலில் 3 லீற்றர் செறிவான கூலண்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை வடித்த நீரால் நிரப்புங்கள். உள்ளே எவ்வளவு நீர் தங்கியிருந்தாலும் கணக்கு பாதிக்குப் பாதியாகவே வந்துசேரும். முன்கூட்டியே கலந்த வகை மட்டும்தான் கிடைக்கிறது என்றால், இன்னொரு முறை ஆறவிட்டு, எஞ்சின் உடலிலுள்ள வடிகால் திருகையும் திறந்து, இயன்றவரை நீரை வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

காற்றுக் குமிழி உள்ளே சிக்கினால் எஞ்சினின் ஒரு பகுதிக்குத் திரவம் போய்ச்சேராது. ஆகவே மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள். மலைநாட்டில் நமக்கு ஒரு வசதி, வண்டியின் முன்பக்கம் மேலே இருக்கும்படி சிறு ஏற்றத்தில் கல் வைத்து நிறுத்தினால் காற்று தானாக மேலே வரும். காற்றை விடும் திருகு இருந்தால் அதையும் திறந்து, குமிழி நின்றதும் மூடுங்கள்.

இனி மூடியைத் திறந்த நிலையிலேயே, ஆறிய எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிடுங்கள். முகத்தை மூடிக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பி, குமிழி நின்றதும் திரவம் பொங்கி வரும் முன் மூடியைப் போட்டுவிடுங்கள். பக்கத்துக் கலனில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் மட்டம் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆறிய நிலையில் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். ஒரு வாரத்துக்கு வண்டி நின்ற இடத்தில் ஈரம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

வழியில் சூடேறினால்

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கோ, ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்கோ ஏறும்போது முள் மேலே போகத் தொடங்கினால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நினைக்காதீர்கள். குளிரூட்டியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதுமாகப் போடுங்கள், அது எஞ்சினின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். தொட்டால் சுடாத நிலை வந்த பின்னரே மூடியைத் திறந்து நீர் ஊற்றலாம். அவசரத்துக்குச் சாதாரண நீர் பரவாயில்லை. ஆனால் நீர் ஏன் குறைந்தது என்பதைக் கண்டறியாமல் தொடர்ந்து ஓட்டக்கூடாது. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓட்டிய ஐந்து நிமிடம் போதும், மேற்பாகம் வளைந்து கேஸ்கட் எரிந்துவிடும்.

இனிக்கும் நஞ்சு

கூலண்ட் இனிப்பானது. நிறமோ சர்பத்தைப் போன்றது. பிள்ளைகளும் நாய்களும் விரும்பிக் குடித்துவிடக் கூடியது. குடித்தவர் முதலில் போதை ஏறியவர் போலத் தள்ளாடுவார். பின்னர் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதற்குள் உடல் அதை வேறு நஞ்சாக மாற்றி, சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்துவிடும். உரிய நேரத்தில் வைத்தியசாலையில் சேர்த்தால் மாற்று மருந்து உண்டு. எனவே ஒரு வாய் குடித்தாலும் அறிகுறி தெரியும் வரை காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மீதமுள்ள கூலண்டைச் சோடா போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

வடித்தெடுத்த பழைய கூலண்டையும், கழுவிய முதல் நீரையும் கானிலோ கிணற்றடியிலோ கொட்டக்கூடாது. ஹாலிஎல ஓடைகள் பதுளு ஓயாவில் சேர்கின்றன. அது துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக விழுந்து மகாவலியுடன் கலக்கிறது. மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. இங்கே தோட்டத்தில் கொட்டுவது மூதூர்ப் பக்கத்துச் சகோதரியின் ஆற்றில் கலக்கும் நீர்தான். மூடியுள்ள கலனில் சேர்த்து, "நஞ்சு" என்று பெரிதாக எழுதிப் பூட்டி வைத்து, பெரிய சேர்விஸ் நிலையம் ஒன்றிடம் பெற்றுக்கொள்வார்களா என்று விசாரித்துக் கொடுங்கள்.

சேர்ந்து கற்போம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக்கொண்டவர்களே தொழிலையும் காப்பாற்றினார்கள். புதிய வண்டிகளின் விலை நமக்கு இன்றும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. பழைய வண்டியைப் பேணுவதே நமது முதலீடு.

ஒருவர் தனியே தொடங்குவதைவிட, மாதர் சங்கத்தில் வாகனமுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது நல்லது. குறடு, புனல், பேசின், கையுறை ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கைநூல் ஆங்கிலத்தில் இருந்தால், படித்த பிள்ளை ஒருவரிடம் கொள்ளளவையும் கூலண்ட் வகையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அருகில் நிறுத்தி உங்கள் கையாலேயே செய்யுங்கள். அவர் செய்ய நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பழக்கம் வராது.

ஒரு கொப்பி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். மாற்றிய திகதி, அன்று மீற்றர் காட்டிய கிலோமீற்றர், ஊற்றிய லீற்றர், கூலண்டின் பெயர், அடுத்து மாற்ற வேண்டிய மாதம் என்ற ஐந்தையும் அதில் எழுதுங்கள். பின்னொரு நாள் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். வண்டியின் வரலாற்றை அறிந்த சொந்தக்காரியாக அங்கே நீங்கள் பேசலாம்.